தோள்ல கேமரா, கால்ல பழனி ரோடு

புறப்படுறதுக்கு முந்தின ராத்திரி, காரைக்குடி

நாளைக்கு காலைல நாலு மணிக்கு கிளம்புறோம். தைப்பூசத்துக்கு பழனி பாதயாத்திரை, இங்கேருந்து கிட்டத்தட்ட 160 கிலோமீட்டர், ஏழு நாள்ல போய் சேரணும். மாமாவுக்கு இது பதினெட்டாவது வருஷம், எனக்கு ரெண்டாவது. நகரத்தார் காவடி குன்றக்குடியிலருந்து பழனிக்கு நடந்து போறது 400 வருஷத்துக்கும் மேல நடக்குற வழக்கம்னு பெரியவங்க சொல்வாங்க, நாங்க அந்த கூட்டத்தோட போகல, எங்க தெரு செட்டு முப்பது பேர் தனி, ஆனா பெரும்பாலும் அதே ரோடு தான்.

மூணு வருஷம் முன்னாடி போனப்ப கேமராவ அதோட வந்த கம்பெனி பட்டையிலயே கழுத்துல மாட்டிட்டு நடந்தேன். மூணாம் நாள் சாயங்காலம் கழுத்த இடது பக்கம் திருப்ப முடியல, வலது கை விரல்ல மதமதன்னு ஒரு உணர்ச்சி, போட்டோ எடுக்கணும்ங்கற ஆசையே விட்டுப்போச்சு. நாலு நாள் நான் எடுத்த மொத்த படம் நாப்பது தான். அந்த வருத்தம் இன்னும் இருக்கு. அதனால இந்த தடவை படத்த பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி தூக்குறத பத்தி யோசிச்சேன், இந்த டைரியும் முக்கியமா அத பத்தி தான்.

சாயங்காலம் எங்க தெரு மளிகைக்கடை தராசுல ஒவ்வொண்ணா வச்சு பார்த்தேன். நிக்கான் டி750 பாடி, அதாவது லென்ஸ் மாட்டாத கேமரா மட்டும், பேட்டரியோட 840 கிராம். 24-120 லென்ஸ் 710. தூரத்துல இருக்கறத கிட்ட இழுக்குற 70-200 2.8 லென்ஸ் மட்டும் 1540. 35 எம்எம் 305. டிரைபாட் ஒன்றரை கிலோ. சார்ஜர், பவர்பேங்க், ரெண்டு எக்ஸ்ட்ரா பேட்டரி எல்லாம் சேர்த்து அஞ்சரை கிலோ தாண்டிருச்சு. இதுக்கு மேல தண்ணி, போர்வை, வேட்டி. கடைக்காரர் "தம்பி இதுல அஞ்சு கிலோ அரிசி வாங்கிருக்கலாம்"னாரு. டிரைபாட வீட்லயே வச்சுட்டேன். 70-200 விட மனசு வரல.

நாள் 1, காரைக்குடி - குன்றக்குடி - திருப்பத்தூர்

சுமார் 22 கிலோமீட்டர். குன்றக்குடில விடியுறப்ப சாமி கும்பிட்டாச்சு, பிள்ளையார்பட்டில தேங்காய் உடைச்சாச்சு.

இன்னைக்கு குறுக்கு பட்டை போட்டு நடந்தேன், அதாவது ஒரு தோள்ல மாட்டி மறுபக்கம் இடுப்புகிட்ட கேமரா தொங்கும், கேமராவுக்கு அடியில டிரைபாட் மாட்டுற ஓட்டைல ஒரு திருகாணி, அதுல கொக்கி. கழுத்துக்கு இது ரொம்ப நிம்மதி, அதுல சந்தேகமே இல்ல. கைய கீழ விட்டா கேமரா கிடைக்கும், தூக்கி எடுத்து விட்டா திரும்ப இடத்துக்கு போயிரும். கல்யாண வீட்டுல நாலு மணி நேரம் நின்னு எடுக்குறவங்க இத ஏன் விரும்புறாங்கன்னு புரியுது. ஆனா நிக்கிறது வேற நடக்குறது வேற. ஒவ்வொரு அடிக்கும் லென்ஸ் தொடைல இடிக்குது, ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரத்து சொச்சம் அடின்னா நாள் பூரா எத்தன இடின்னு கணக்கு போட்டுக்கங்க. பத்து கிலோமீட்டர்லயே கேமராவ ஒரு கையால பிடிச்சுக்கிட்டே நடக்க ஆரம்பிச்சிருந்தேன், பிடிச்சுக்கிட்டே நடக்கணும்னா பட்டை எதுக்கு.

திருப்பத்தூர் வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடி தான் அந்த சம்பவம். பின்னாடி வந்த ஒரு அக்கா "சாமி, உங்க பொட்டி கோணலா தொங்குது"ன்னாங்க. பார்த்தா திருகாணி முக்கால்வாசி கழண்டு நிக்குது, இன்னும் ரெண்டு சுத்து சுத்தியிருந்தா தார் ரோட்டுல விழுந்துருக்கும். நடக்குற ஆட்டத்துல கேமரா சுழண்டு சுழண்டு தானாவே கழட்டிருக்கு. ஆன்லைன்ல வாங்குன பட்டை, திருகாணிக்கு அடியில ரப்பர் வாஷர் இருக்கணும், இதுல பேருக்கு ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் தான் இருந்துச்சு.

அந்த அக்கா பேரு கூட கேக்கல. நன்றி சொல்லிட்டு அங்கயே உக்காந்து, பூக்கட்டுற ஒரு பாட்டிகிட்ட நைலான் கயிறு வாங்கி, கேமரா பட்டை மாட்டுற வளையத்துலருந்து குறுக்கு பட்டைக்கு ஒரு முடிச்சு போட்டேன். திருகாணி கழண்டாலும் கயிறு பிடிக்கும். குறுக்கு பட்டை வச்சிருக்கவங்க யாரா இருந்தாலும் தயவுசெஞ்சு இந்த ரெண்டாவது கயிற போட்டுக்கங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை விரலால திருகாணிய இறுக்கி பாத்துக்கங்க.

நாள் 2, திருப்பத்தூர் - சிங்கம்புணரி

கம்மி தூரம், 20 கிலோமீட்டர் வாக்குல. மதியத்துக்குள்ள வந்து சேர்ந்துட்டோம்.

என்கிட்ட இருக்கறது கேமரா பேக் இல்ல, சாதாரண மலை ஏறுற 30 லிட்டர் பேக், உள்ள பஞ்சு வச்ச ஒரு சின்ன பொட்டிய இறக்கி அதுல லென்ஸ வச்சிருக்கேன். கேமரா பேக்குன்னு விக்கிறதுல பாதிக்கு இடுப்பு பட்டை பேருக்கு தான் இருக்கும், ரெண்டு விரல் அகலத்துல ஒரு நாடா. கார்லருந்து எறங்கி அரை மணி நேரம் நடக்குறவங்களுக்கு அது போதும். நாள் பூரா நடக்க இடுப்பு பட்டை தடிமனா உள்ளங்கை அகலம் இருக்கணும், ஏன்னா எடை உக்கார வேண்டிய இடம் தோள் இல்ல, இடுப்பெலும்பு.

இத மாமாவுக்கு சொல்ல போய் அவரு எனக்கு சொல்லிக்கொடுத்த மாதிரி ஆச்சு. சிங்கம்புணரி சேவுகப்பெருமாள் கோயில் பக்கத்துல ஒரு மண்டபத்துல தங்கல், அங்க வச்சு என் பேக்க மாட்ட சொல்லி சுத்தி சுத்தி பாத்தாரு. "பட்டை எலும்புக்கு கீழ கிடக்கு மாப்ள, குடம் இடுப்புல உக்காருற இடத்துல இல்ல வைக்கணும்"னாரு. அவ்ளோ தான் விஷயம். பொம்பளைங்க தண்ணிக்குடத்த எங்க வைக்கிறாங்களோ அந்த எலும்பு விளிம்பு மேல பட்டையோட நடு வரணும். நான் தொப்புளுக்கு கீழ கட்டிட்டு இருந்தேன், அதனால முழு எடையும் தோளுக்கு போயிருக்கு.

அப்புறம் நானா கண்டுபிடிச்ச ஒழுங்கு இது தான், எல்லா நாடாவையும் தளர்த்திட்டு முதல்ல இடுப்பு பட்டைய பூட்டணும், அதுக்கப்புறம் தோள் நாடா, அதுவும் தோள தொடுற அளவுக்கு இழுத்தா போதும், தொங்கவிடக்கூடாது, அப்புறம் தோளுக்கு மேல பேக்க முதுகோட சேர்த்து இழுக்குற குட்டி நாடா, கடைசியா நெஞ்சு பட்டை. தலைகீழா செஞ்சா எடை தோள்லயே நின்னுரும். உள்ள அடுக்குறப்ப கனமான லென்ஸ் முதுக ஒட்டி நடுமுதுகு உயரத்துல இருக்கணும், வெளிப்பக்கம் வச்சா ஆள பின்னாடி இழுக்கும், அத சரிக்கட்ட நாம முன்னாடி குனிஞ்சு நடப்போம், அங்க தான் முதுகுவலி ஆரம்பிக்குது.

இன்னொன்னு. 70-200 லென்ஸ செட்டு வண்டில ஏத்தி விட்டுட்டேன். எங்க குருசாமி ஒரு மினி லாரி வச்சிருக்காரு, அரிசி பாத்திரம் போர்வை எல்லாம் அதுல அடுத்த தங்கலுக்கு முன்னாடியே போயிரும். ரெண்டு நாள்ல அந்த லென்ஸ்ல எடுத்தது ஆறு படம். ஒன்றரை கிலோவ ஆறு படத்துக்காக 40 கிலோமீட்டர் சுமந்திருக்கேன்.

நாள் 3, சிங்கம்புணரி - கொட்டாம்பட்டி - சமுத்திராப்பட்டி - நத்தம்

30 கிலோமீட்டர். இது வரைக்கும் நடந்ததுலயே கஷ்டமான நாள், ஆனா நிறைய கத்துக்கிட்ட நாளும் இது தான்.

மாலை போட்டிருக்கறதால செருப்பு கிடையாது. பதினோரு மணிக்கு மேல தார் கொதிக்க ஆரம்பிச்சிரும், தை மாசம்னாலும் வெறுங்காலுக்கு தெரியும். எல்லாரும் ரோட்டு ஓரத்து வெள்ளக்கோட்டு மேல வரிசையா நடப்போம், பெயிண்ட் அடிச்ச இடம் தார் அளவுக்கு சுடாது. நாலு விரக்கடை அகலக் கோட்டுல காலுக்கு முன்னாடி கால் வச்சு நடக்கும்போது தான் தெரியுது பேலன்ஸ் எவ்ளோ முக்கியம்னு. ஒரு பக்கம் எடை கூட இருந்தா கால் கோட்ட விட்டு இறங்கிரும், இறங்குன உடனே சுடும். எனக்கு பேக் சரியா இருக்கான்னு சொல்ல இத விட நல்ல வாத்தியார் கிடையாது.

இன்னைக்கு கேமராவ பேக் தோள் நாடால மாட்டுற கிளிப்ல போட்டேன், பீக் டிசைன் கேப்ச்சர்னு ஒண்ணு, பிரண்டுகிட்ட இரவல். கேமரா அடியில ஒரு சின்ன சதுர தகடு, அது கிளிப்புல சறுக்கி உக்காந்து டக்குனு பூட்டிக்கும். இடது தோள் நாடால நெஞ்சுகிட்ட மாட்டுனா வலது கையால ஒரே இழுப்புல எடுக்கலாம். கேமரா ஆடாது, இடிக்காது, இது தான் பெரிய விஷயம். குனிஞ்சு காலுல முள்ளு எடுக்கும்போது கூட முன்னாடி வந்து தொங்கல.

குறை என்னன்னா ஒன்றரை கிலோ ஒரே நாடால உக்காருது. கொட்டாம்பட்டி தாண்டுறதுக்குள்ள இடது தோள் எரிய ஆரம்பிச்சிருச்சு, சட்டைய விலக்கி பார்த்தா நாடா ஓரம் பதிஞ்சு சிவப்பா ஒரு கோடு. ரெண்டு வேலை செஞ்சேன். வலது நாடால ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் கட்டுனேன், ரெண்டு பக்கமும் ஓரளவு சமமாச்சு, தண்ணி குடிக்க குடிக்க அந்த பக்கம் லேசாகும் ஆனா வழி நெடுக தண்ணிப்பந்தல் இருக்கறதால ரொப்பிக்கலாம். ரெண்டாவது, சும்மாடு. ஆமா தலைல சுமை தூக்குறவங்க வைக்கிற அதே சும்மாடு தான், ஈரிழைத் துண்ட நாலா மடிச்சு நாடாவுக்கு அடியில தோள்ல போட்டேன். கடைல விக்கிற ஜெல் பேட், பஞ்சு பேட் எல்லாம் வேர்வைல வழுக்கும், பருத்தி துண்டு வேர்வைய குடிச்சிக்கிட்டு அசையாம கிடக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்து உதறி வேற மடிப்பு மடிச்சு போட்டா காய்ஞ்ச பக்கம் தோளுக்கு வரும்.

சமுத்திராப்பட்டி தாண்டி நடக்கும்போது மாமாவுக்கு நேர் பின்னாடி இருந்தேன். ரொம்ப நேரம் அவரு காவடியவே பாத்துக்கிட்டு வந்தேன். வளைஞ்ச மரம், மேல பட்டுத்துணி, மயிலிறகு, ரெண்டு பக்கமும் ஒரே எடைல சின்ன செம்பு. அத தூக்குறப்ப அவரு கை எதையும் பிடிக்கல, விரல் சும்மா தொட்டுக்கிட்டு இருக்கு, எடை முழுக்க தோள் சதை மேல தான். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, நடைய நிறுத்தாமலே, தலைய லேசா குனிஞ்சு பிடரி வழியா மறு தோளுக்கு மாத்திடுறாரு. வலிக்கிறதுக்கு முன்னாடியே மாத்துறாரு, நான் கவனிச்சது அது தான். கேட்டேன். "வலிச்சப்புறம் மாத்துனா அந்த தோளு ராத்திரி தான்டா ஆறும்"னாரு.

நான் இத்தன வருஷமா எது நல்ல பட்டைன்னு தேடிக்கிட்டு இருந்தேன். மாமாகிட்ட பட்டையே இல்ல, இடம் மாத்துற பழக்கம் தான் இருக்கு. நத்தம் வர்ற வரைக்கும் கடைசி ஒன்பது கிலோமீட்டர் கேமராவ முக்கா மணிக்கு ஒரு இடம்னு மாத்திக்கிட்டே வந்தேன், இடது நாடா, வலது நாடா, குறுக்கு பட்டைல முன்வயித்துல, கொஞ்ச நேரம் பேக்குக்குள்ள. ராத்திரி தோள் எரிச்சல் இருக்கு, ஆனா விரல் மதமதப்பு இல்லவே இல்ல.

நாள் 4, நத்தம் - கோபால்பட்டி

வெளிச்சத்த பத்தி ஒண்ணு சொல்லணும், தூக்குறதோட சம்பந்தம் இருக்கு. நாங்க மொத்தத்துல கிழக்கேருந்து மேற்கா நடக்குறோம். காலைல சூரியன் எல்லாருக்கும் முதுகுக்கு பின்னாடி, முன்னாடி போய் நின்னு எடுத்தா முகம் இருட்டா தான் விழும், காவடி ஓரத்துல மட்டும் வெளிச்சம் கோடு மாதிரி வரும், அது நாலு படத்துக்கு அழகு. சாயங்காலம் நாலு மணிக்கு மேல சூரியன் நேரா முகத்துல அடிக்கும், களைச்ச முகம், விபூதி, கண்ண சுருக்கி பாக்குறது எல்லாம் அப்ப தான். நடுப்பகல்ல எடுக்க எனக்கு ஒண்ணும் இல்ல. அப்ப பத்தரைலருந்து மூன்றரை வரைக்கும் கேமரா ஏன் வெளிய இருக்கணும்? பேக்குக்குள்ள முதுக ஒட்டி போட்டு எடைய இடுப்புக்கு கொடுத்துட்டேன். அஞ்சு மணி நேரம் கைய வீசி நடந்தேன்.

கேமரா உள்ள போன உடனே ரோடு தெரிய ஆரம்பிச்சுது. நத்தம் பக்கம் மாந்தோப்பு எல்லாம் பூத்து நிக்குது, காத்துல அந்த லேசான புளிச்ச தேன் வாசனை. இடது பக்கம் சிறுமலை கூடவே வருது.

கோபால்பட்டி தங்கல்ல கேமராவ தொடைச்சேன். நாலு நாள் புழுதியும் விபூதியும் லென்ஸ் வளையத்துல ஏறி திருப்பும்போது நறநறங்குது. நாளைலருந்து ஜிப் வச்ச பிளாஸ்டிக் கவர்ல போட்டு தான் பேக்குக்குள்ள வைக்கணும்.

நாள் 5, கோபால்பட்டி - சாணார்பட்டி - திண்டுக்கல்

மலைக்கோட்டை பாறை தூரத்துல தெரிஞ்சப்ப எல்லாரும் ஒரே குரல்ல அரோகரா போட்டாங்க. டவுனுக்குள்ள ஒரே டிராபிக், எடுத்த படம் பத்து. கால்ல கொப்புளம் ரெண்டு, குருசாமி ஊசி நூல் வச்சு தண்ணி எடுத்து விட்டாரு. வேற ஒண்ணும் இல்ல, தூங்கணும்.

நாள் 6, திண்டுக்கல் - ரெட்டியார்சத்திரம் - ஒட்டன்சத்திரம்

33 கிலோமீட்டர், வெயிலுக்கு பயந்து ராத்திரி நடந்தோம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு கிளம்பி, நடுவுல மூணு மணி நேரம் படுத்து, விடியக்காலை வந்து சேர்ந்தோம். இந்த ரோட்டுல கூட்டம் வேற மாதிரி, நாலா பக்கத்துலருந்தும் வந்து சேர்ந்துடுறாங்க, சில இடத்துல நடக்குறவங்களுக்குன்னு கல்லு பதிச்ச தனி பாதை இருக்கு, இல்லாத இடத்துல லாரிக்கு பக்கத்துல தான் நடக்கணும். போலீஸ்காரங்க எல்லார் முதுகுலயும் பேக்குலயும் மின்னுற ஸ்டிக்கர் ஒட்டி விட்டாங்க. என் பேக்குல ஒட்டுனது போக நெஞ்சு பட்டைலயும் ஒண்ணு கேட்டு வாங்கி ஒட்டிக்கிட்டேன், எதிர்ல வர்ற வண்டிக்கும் தெரியணும்ல.

ராத்திரிக்கு 24-120 கூட வண்டிக்கு போச்சு. பாடியும் 35 எம்எம்மும் மட்டும், மொத்தம் 1145 கிராம். ஒன்றரைக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லன்னு தோணும், ஆனா லென்ஸ் குட்டையா இருக்கறதால எடை கேமரா பக்கமே இருக்கு, முன்னாடி தள்ளி இழுக்குறது இல்ல, அது கிலோ கணக்குல தெரியாத சுகம். கிளிப்பும் வேண்டாம்னு முடிவு பண்ணி, இடுப்பு பட்டைக்கு மேல முன்வயித்துல துண்ட தூளி மாதிரி கட்டி அதுக்குள்ள கேமராவ வச்சேன். ரெண்டு முனையும் இடுப்பு பட்டைல முடிச்சு, கழுத்து பட்டை கழுத்துல சும்மா காவலுக்கு. ஒரு கை எப்பவும் அது மேல இருக்கும், புள்ளத்தாச்சி வயித்து மேல கை வச்சிக்கிட்டு நடக்குற மாதிரி. பனி இறங்குனப்ப துண்டு மடிப்ப மேல இழுத்து மூடுனா லென்ஸ் கண்ணாடில ஈரம் படியல. இந்த ஆறு நாள்ல எனக்கு ரொம்ப பிடிச்ச முறை இது தான், காசு செலவே இல்ல.

ரெட்டியார்சத்திரம் தாண்டி ஒரு டீக்கடை வெளிச்சத்துல ஒரு அம்மா தூங்குற புள்ளைய தோள்ல போட்டுக்கிட்டு, மறு கைல வேல் கம்பு ஊனி, கண்ண மூடுன மாதிரி நடந்து போனாங்க. தூளிலருந்து எடுத்து, ஒரே படம், திரும்ப உள்ள. நின்னு பட்டைய அவுத்துக்கிட்டு இருந்தா அவங்க அந்த வெளிச்சத்த தாண்டி போயிருப்பாங்க. மாமாகிட்ட காட்டுனேன், ரொம்ப நேரம் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம என் தோள தட்டிட்டு நடந்தாரு.

விடியுறப்ப ஒட்டன்சத்திரம். காய்கறி மார்க்கெட் லாரி வரிசை, வெங்காய வாசனை, வெறுங்காலுல முருங்கைக்கீரை தண்டு மிதிபடுது.

நாள் 7, ஒட்டன்சத்திரம் - விருப்பாட்சி - ஆயக்குடி - பழனி

கடைசி 28. விருப்பாட்சில ரோட்டோரம் மலைவாழைப்பழம் கொடுத்தாங்க, பஞ்சாமிர்தத்துல போடுறதே இந்த பழம் தான், சின்னதா இருந்தாலும் அந்த வாசனை வேற எந்த பழத்துலயும் இல்ல. ஆயக்குடில கொய்யா. பேக்க கழட்டவே தோணல, உடம்போட ஒட்டிருச்சு.

மலை முதல்ல தெரிஞ்ச இடத்துல நான் கேமராவ எடுக்கல. மாமா காவடிய தோள்ல வச்சபடியே நின்னு அழுதாரு, பதினெட்டு வருஷமும் அங்க தான் அழுவாராம்.

அடிவாரத்துல ரூம் போட்டோம். 2023 அக்டோபர்லருந்து மேல கோயிலுக்கு செல்போன், கேமரா எதுவும் கொண்டு போகக்கூடாது, அது எனக்கு முன்னாடியே தெரியும். கேமராவ துண்டுல சுத்தி ரூம்லயே வச்சுட்டு வெறுங்கையோட படியேறுனேன். முதல் கும்பிடு இடும்பன் சாமிக்கு. சிவகிரி சக்திகிரின்னு ரெண்டு மலைய ஒரு தடில ரெண்டு பக்கமும் கட்டி தோள்ல தூக்கிட்டு வந்தவரு, காவடியே அவருகிட்டருந்து தான் வந்துச்சுன்னு சொல்றாங்க. சின்ன வயசுலருந்து கேட்ட கதை தான், இன்னைக்கு அங்க நிக்கும்போது அவரு தோள் எப்படி இருந்திருக்கும்னு தான் நினைச்சேன்.

அறுநூத்து சொச்சம் படி. ஏறுறப்ப ஒரு இருவது தடவையாவது வலது கை தானா இடது நெஞ்சுக்கு போச்சு, அங்க ஒண்ணும் இல்ல. மாமாவுக்கு முன்னாடி ஒரு சின்னப் பையன் குட்டிக் காவடியோட ஏறுறான், தோள் மாத்த தெரியாம ரெண்டு கையாலயும் இறுக்கி பிடிச்சிருக்கான். மாமா குனிஞ்சு அவன் விரல ஒவ்வொண்ணா தளர்த்தி விட்டு, பிடரி வழியா அந்த பக்கம் தள்ளிக் காட்டுனாரு.

ராத்திரி ரூம்ல பேக் நாடாவயும் சும்மாட்டுத் துண்டயும் பக்கெட்டுல ஊற வச்சு அலசுனேன். துண்டுல தோள் பட்ட இடம் மட்டும் உப்பு பூத்து வெள்ளையா ஒரு வில்லு மாதிரி, ரெண்டு தண்ணி அலசியும் போகல. ஜன்னல் கம்பில காயப் போட்டிருக்கேன். காரைக்குடி பஸ் காலைல அஞ்சு மணிக்கு.